பறக்குமுன் பார்க்க வேண்டியவை: டிரோன் சோதனையும் டிஜிட்டல் பட்டியலும்

ஆகாய விமானத்தை ஓட்டும் விமானி அதனுள்ளேயே அமர்ந்திருக்கிறார். யந்திரத்தில் பழுது நேர்ந்தால் முதலில் அபாயத்துக்குள்ளாகிறவர் அவரே. ஆகவே புறப்படுமுன் ஒவ்வொரு பாகத்தையும் சோதிப்பதில் அவருக்கு இயற்கையாகவே அக்கறை உண்டு. டிரோன் என்னும் ஆளில்லா விமானத்தின் நிலை வேறு. அதை இயக்குபவர் தரையில், பெரும்பாலும் ஒரு மரத்து நிழலில், பத்திரமாக நிற்கிறார். யந்திரம் விழுந்தால் அது விழுவது வயலில் களை பறிக்கும் பெண்ணின் மீதோ, வேடிக்கை பார்க்க ஓடிவரும் சிறுவன் மீதோ ஆகும். அபாயம் ஒருவருக்கும் பொறுப்பு மற்றொருவருக்கும் என்று பிரிந்துவிட்ட இத்தகைய தொழிலில், பறக்குமுன் செய்யும் சோதனையைச் செய்பவரின் சுயநலத்தை நம்பி விட்டுவிட இயலாது. அதற்கு ஒரு முறை வேண்டும். அம்முறையே இக்கட்டுரையின் பொருள்.

நம் நாட்டில் இவ்யந்திரங்கள் இன்று அரிய பொருள்களல்ல. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பெற்ற ஸ்வாமித்வா திட்டத்தின்கீழ் இந்திய நில அளவைத் துறை கிராமக் குடியிருப்புகளை டிரோன் கொண்டு படமெடுத்து அளந்து வருகிறது. வடநாட்டில் ஆபாதி என்றும், நம்மவர் நத்தம் என்றும் வழங்கும் நிலங்களே இவை. 2025 ஜனவரிக்குள் மூன்று லட்சத்துக்கும் அதிகமான கிராமங்களில் இவ்வாறு படமெடுத்து முடிந்திருந்தது. 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மற்றொரு திட்டம், மகளிர் சுய உதவிக் குழுக்கள் பதினைந்தாயிரத்துக்கு வேளாண் டிரோன்கள் கிடைக்க வகை செய்தது. ஆகவே நில அளவை ஊழியர், வேளாண்மை விரிவாக்க அலுவலர், பள்ளி ஆசிரியர் ஆகியோர் அனைவரும் ஏதேனும் ஒரு நாள் இவ்யந்திரத்தின் அருகில் நிற்க நேரும்.

அபாயத்தின் அளவைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். பத்து லிட்டர் தொட்டியுள்ள ஒரு வேளாண் டிரோன், மருந்து நிரப்பிய நிலையில் ஏறக்குறைய 25 கிலோகிராம் இருக்கும். அது வெறும் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். அந்நேரத்தில் அதன் விசிறிகள் சுழன்றுகொண்டிருக்கவும் கூடும். நில அளவைக்கான 2 கிலோகிராம் டிரோன் 120 மீட்டர் உயரத்தினின்று விழுமாயின், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாதபோது, மணிக்குச் சுமார் 175 கிலோமீட்டர் வேகத்தை அடையும். காற்றின் தடை இதனைக் குறைக்கும் என்பது உண்மையே. எனினும் எவ்வளவு குறைத்தாலும் தலையில் ஏற்கத்தக்க வேகமாக அது ஆகிவிடாது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம்.

பட்டியல் பிறந்த கதை

சரிபார்ப்புப் பட்டியல் என்னும் சாதனம் ஒரு விபத்தினின்று பிறந்தது. 1935 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகருக்கருகிலுள்ள ரைட் ஃபீல்டு விமான தளத்தில், போயிங் நிறுவனத்தார் தயாரித்த 299ஆம் மாதிரி விமானம் இராணுவ அதிகாரிகளின் முன்னிலையில் சோதனைக்காகப் புறப்பட்டது. நான்கு எஞ்சின்கள் கொண்ட அவ்விமானம் அக்காலத்தில் மிகச் சிக்கலானது. எழும்பிய சிறிது நேரத்தில் அது மூக்கை உயர்த்திச் செங்குத்தாக ஏறி, ஏறும் வலிவிழந்து, கீழே வீழ்ந்து தீப்பற்றியது. அதனை ஓட்டிய மேஜர் ப்ளாயர் ஹில் என்னும் அனுபவமிக்க விமானியும், போயிங் நிறுவனத்தின் சோதனை விமானி லெஸ்லி டவரும் அவ்விபத்தின் விளைவாக உயிரிழந்தனர்.

விசாரணையில் யந்திரக் கோளாறு எதுவும் காணப்படவில்லை. விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் அதன் வால் சுக்கான்கள் அடித்துக்கொள்ளாதபடி ஒரு பூட்டு இடப்படும். புறப்படுமுன் அப்பூட்டை விடுவிக்க மறந்துவிட்டனர். அவ்வளவே. இவ்விமானம் ஒரு மனிதனின் நினைவாற்றலுக்கு அதிகமானது என்று பலர் கைவிடத் துணிந்தனர். ஆனால் விமானிகள் வேறொரு வழி கண்டனர். புறப்படுமுன், பறக்கையில், இறங்குமுன் செய்ய வேண்டுவனவற்றைச் சிறு அட்டைகளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் படித்துச் சரிபார்த்தனர். அவ்விமானமே பின்னர் பி-17 என்னும் பெயருடன் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பெற்றது.

இக்கதையைப் பலரும் இவ்விடத்தில் நிறுத்திவிடுவது வழக்கம். அவ்வாறு நிறுத்துவது சரியன்று என்பது என் கருத்து. ஏனெனில் பட்டியல் இருந்தும் நேர்ந்த விபத்துகள் உண்டு. 1987 ஆகஸ்டு 16 அன்று டெட்ராய்ட் நகரில் ஒரு பயணி விமானம், இறக்கையின் பின்விளிம்புப் பலகைகளைத் தாழ்த்தாமலே எழும்ப முயன்று வீழ்ந்தது. தரையிலிருந்தோர் உட்பட 156 பேர் மாண்டனர். அங்கே பட்டியல் படிக்கப்படவே இல்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 31 அன்று டல்லஸ் நகரில் நேர்ந்த மற்றொரு விபத்தோ நமக்கு இன்னும் முக்கியமானது. அங்கும் காரணம் அதுவே. மாண்டவர் 14 பேர். ஆனால் அவ்விமானத்தின் ஒலிப்பதிவில், பலகைகள் தாழ்த்தப்பட்டனவா என்னும் கேள்வி கேட்கப்பட்டதும், சரியான விடை கூறப்பட்டதும் பதிவாகியிருந்தன. வாய் விடை சொல்லிற்று, கண் பார்க்கவில்லை. நாள்தோறும் ஒரே கேள்விக்கு ஒரே விடையைச் சொல்லிப் பழகிய நாவானது, யந்திரத்தின் நிலையைக் கேளாமலே தன் விடையைச் சொல்லிவிடும். அசாஃப் டெகானி, ஏர்ல் வீனர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1990இல் நாசா நிறுவனத்துக்காக வெளியிட்ட ஆய்வில் இக்குறையை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

கடுதாசியிலிருந்து கைபேசிக்கு

டிஜிட்டல் பட்டியல் என்பது யாது? அட்டையில் எழுதியிருந்தவற்றைக் கைபேசியிலோ, பலகைக் கணினியிலோ, டிரோனை இயக்கும் கைக்கருவியின் திரையிலோ வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் விடை பெற்று, நேரத்துடனும் இடத்துடனும் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடே அது. பெரிய விமானங்களில் இது புதியதன்று. 1995இல் சேவைக்கு வந்த போயிங் 777 விமானத்தில் இத்தகைய மின்னணுப் பட்டியல் அமைந்திருந்தது. அதில் உள்ளவை இரு வகை. யந்திரம் தானே உணர்ந்து அறியக்கூடியவற்றை அது தானே உணர்ந்து, முடிந்ததெனக் காட்டும். உணர இயலாதவற்றை விமானி பார்த்துக் கையால் குறிக்க வேண்டும். இவ்விரு வகைப் பாகுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கடுதாசிப் பட்டியலைவிட இதற்குள்ள சிறப்புகள் சில. பாதியில் எவரேனும் அழைத்தால், எதுவரை முடித்தோம் என்பதை அது மறவாது. அட்டையில் விரலை வைத்திருந்த இடத்தை நாம் மறந்துவிடுவோம். முன்னைய ஐம்பது பறப்புகளில் இதே பாட்டரி எவ்வாறிருந்தது என்பதை அது காட்டும். ஒரு நாளில் தெரியாத நலிவு ஐம்பது நாளில் தெரியும். பணிக்கேற்பக் கேள்விகளை மாற்றிக்கொள்ளவும் அதனால் இயலும். மருந்து தெளிப்பவருக்குத் தெளிப்பு முனை பற்றிய கேள்வியும், படமெடுப்பவருக்கு நினைவட்டையில் இடமுண்டா என்னும் கேள்வியும் வரும்.

குறையும் அதனுள்ளேயே இருக்கிறது. கட்டத்தைத் தொட்டால் குறி விழுந்துவிடுகிறது. பார்த்துத் தொட்டோமா, பாராமல் தொட்டோமா என்பதைத் திரை அறியாது. ஆங்கிலத்திலிருந்து நான் மொழிபெயர்த்துக் கொடுத்த ஒரு பட்டியல், சில மாதங்களுக்குப் பின் ஒரு பயிற்சி முகாமிலிருந்து நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தது. இருபத்தாறு கேள்விகள், இருபத்தாறுக்கும் ஆம் என்னும் விடை. நேரப் பதிவைப் பார்த்தேன். முதல் விடைக்கும் கடைசி விடைக்கும் இடையே பத்தொன்பது வினாடிகள். ஓர் இறகை விரலால் தடவிப் பார்க்கவே அந்நேரம் போதாது.

நிரப்பியவரைக் குறை கூறுவது எளிது. ஆனால் பட்டியலை மீண்டும் படித்தபோது குற்றத்தில் எனக்கும் பங்குண்டு என்று கண்டேன். மூலத்தில் இருந்தவாறே, பாட்டரி சரிபார்க்கப்பட்டது, விசிறிகள் சரிபார்க்கப்பட்டன, திசைகாட்டி சரிபார்க்கப்பட்டது என்று செயப்பாட்டு வினையில் வரிசையாக எழுதியிருந்தேன். யார் பார்த்தது, எதைப் பார்த்தது, என்ன கண்டது என்பன அவ்வாக்கியங்களில் இல்லை. அத்தகைய வாக்கியத்துக்கு ஆம் என்பதைத் தவிர வேறு விடை எவருக்கும் தோன்றாது. பாட்டரியின் மிகத் தாழ்ந்த செல் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று கேட்டால், விடையளிப்பவர் பார்த்தே தீரவேண்டும். எண்ணைக் கேட்கும் கேள்வி கண்ணைத் திறக்கும். ஆம், இல்லை என்னும் கேள்வி விரலை மட்டுமே அசைக்கும். அப்பட்டியலைப் பின்னர் நான் திருத்தி எழுதியபோது கேள்விகள் இருபத்தாறிலிருந்து பதினான்காகக் குறைந்தன.

எவற்றைப் பார்ப்பது, ஏன் பார்ப்பது

முதற் சோதனை டிரோனைப் பெட்டியிலிருந்து எடுக்குமுன்னரே தொடங்குகிறது. 2021 ஆகஸ்டில் வெளிவந்த டிரோன் விதிகளின்படி, பறப்பதற்கு முன்பு டிஜிட்டல் ஸ்கை தளத்தைப் பார்த்து, அவ்விடத்துக்கு அறிவிப்போ தடையோ உண்டா என்று உறுதி செய்துகொள்வது இயக்குபவரின் கட்டாயக் கடமையாகும். வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சைப் பகுதியில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரையில் முன் அனுமதி வேண்டுவதில்லை. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பரப்பில் இவ்வுயரம் 200 அடியாகக் குறைகிறது. நேற்று பச்சையாக இருந்த இடம் இன்றும் பச்சையாக இருக்கும் என்று எண்ணுதல் தவறு. மாநில அரசோ காவல் துறையோ ஓரிடத்தை 96 மணி நேரத்துக்கு மேற்படாத தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்க விதிகள் இடமளிக்கின்றன. திருவிழா, தலைவர் வருகை, கலவரம் என எதுவும் இதற்குக் காரணமாகலாம். ஆதலால் பட்டியலில் வரைபடம் பார்க்கப்பட்டதா என்று கேட்பதைவிட, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், என்ன நிறம் என்று கேட்பதே முறை. கைபேசிக்கு அலை கிட்டாத கிராமங்களில், முதல் நாள் சேமித்து வைத்த படத்தையே திரை காட்டிக்கொண்டிருக்கக் கூடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்தது பாட்டரி. இதில் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் திரை காட்டும் எண்ணே நம்மை ஏமாற்றக்கூடிய இடம் இது. லிதியம் பாலிமர் பாட்டரியில் பல செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். முழுதும் மின்னேற்றிய செல் ஒன்றின் அழுத்தம் 4.2 வோல்ட். பன்னிரண்டு செல்கள் உள்ள பாட்டரி 50.4 வோல்ட் காட்டும். இவற்றுள் பதினொன்று நலமாயிருந்து, ஒன்று மட்டும் நலிந்து 3.6 வோல்ட்டில் நிற்பதாகக் கொள்வோம். மொத்தம் 49.8 வோல்ட். நூற்றுக்கு ஒரு பங்கே குறைவு; திரையில் அது நல்ல எண்ணாகவே தோன்றும். ஆனால் டிரோன் சுமையுடன் எழும்பி மின்னோட்டம் மிகுந்தவுடன், அந்த ஒரு செல்லின் அழுத்தம் சரேலெனச் சரியும். சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியின் வலிமையே அல்லவா? ஆகவே மொத்த வோல்ட்டை அன்று, மிகத் தாழ்ந்த செல்லின் வோல்ட்டையும், மிக உயர்ந்ததற்கும் அதற்கும் உள்ள வேற்றுமையையும் எழுதச் செய்ய வேண்டும். பாட்டரியின் மேலுறை உப்பியிருந்தால் எண் எதுவாயினும் அதனைப் பயன்படுத்தலாகாது. உள்ளே வாயு உண்டாகியிருப்பதன் அடையாளம் அது. உப்பியதைக் கண்டறிய எளிய வழி, பாட்டரியைச் சமதளமான மேசைமேல் வைத்துப் பார்ப்பதே. நல்ல பாட்டரி படிந்து நிற்கும், உப்பியது தள்ளாடும்.

விசிறிகளைக் கண்ணாலும் கையாலும் பார்க்க வேண்டும். விளிம்பில் சிறு சிதைவு இருந்தாலும் சமநிலை கெட்டு அதிர்வு உண்டாகும். அவ்வதிர்வு திருகாணிகளைத் தளர்த்தும். தளர்ந்த திருகாணி அதிர்வை மிகுவிக்கும். வேளாண் டிரோன்களில் கைகளை மடித்து வைக்கும் அமைப்பு உண்டு. மடிப்பை விரித்தபின் இடும் பூட்டு முழுதும் விழுந்துள்ளதா என்பதை ஒவ்வொரு கையாகப் பிடித்து அசைத்தே அறிய வேண்டும். பூட்டு விழாத கையுடன் எழும்பும் டிரோன் ஒரு பக்கமாகக் குப்புற விழும். 1935இல் விடுவிக்க மறந்த பூட்டையும், இன்று இட மறக்கும் பூட்டையும் ஒப்பிட்டு நோக்குக. மோட்டாரைக் கையால் மெதுவாகச் சுழற்றினால் மணலோ, உலர்ந்த மருந்தின் உப்போ நெருடுவது விரலுக்குத் தெரியும். இவற்றையெல்லாம் செய்வது பாட்டரியை இணைக்குமுன் என்பது மறக்கலாகாத வரிசை. பட்டியலில் இவ்வரிசை மாறி அச்சிடப்பட்டிருந்தால் அப்பட்டியலே ஓர் அபாயம்.

பின்னர் திசைகாட்டி. டிரோன் தான் நிற்கும் இடத்தைச் செயற்கைக் கோள்களின் குறிப்பால் அறிகிறது. தான் நோக்கும் திசையைப் பெரும்பாலும் காந்தத் திசைகாட்டியால் அறிகிறது. இரும்புக் கம்பி இட்ட கான்கிரீட் தளத்திலோ, ஜீப்பின் அருகிலோ வைத்து எழுப்பினால் திசை பிறழும். காற்று வடக்கே தள்ளினால் தெற்கே நகர வேண்டிய யந்திரம், தெற்கு எதுவென்று அறியாமல் கிழக்கே நகரும். அப்பிழையைத் திருத்த முயன்று மேலும் பிழைக்கும். விளைவு, செக்கு மாடுபோல் சுற்றத் தொடங்கி, ஆனால் செக்கு மாட்டைப் போலன்றி ஒவ்வொரு சுற்றிலும் வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். டிரோனின் மூக்கு எத்திசையில் நிற்கிறது, திரை எத்திசையைக் காட்டுகிறது என்று இரண்டையும் ஒப்பிடும் ஒரு கேள்வி பட்டியலில் இருந்தால் இதனைத் தரையிலேயே கண்டுபிடிக்கலாம். காலைச் சூரியனை விடச் சிறந்த சாட்சி இதற்கு வேண்டியதில்லை.

தொடர்பு அறுந்தால் புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பிவரும் ஏற்பாடு பல டிரோன்களில் உண்டு. அது திரும்பும் உயரம் முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். நேற்றைய வெட்ட வெளிக்கென 30 மீட்டர் என்று குறித்ததை மாற்றாமல், இன்று 45 மீட்டர் உயரமுள்ள கைபேசிக் கோபுரத்தின் அருகில் பறக்கவிட்டால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவ்விடத்தில் மிக உயர்ந்த பொருள் எது, அதன் உயரம் எவ்வளவு, திரும்பும் உயரம் எவ்வளவு என்னும் மூன்று விடைகளையும் அடுத்தடுத்து எழுதச் செய்தால் முரண்பாடு தானே வெளிப்படும்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக. தரையில் அளந்த வேகம் மேலே இராது. திறந்த வெளியில் வழங்கும் தோராயமான கணக்கின்படி, 2 மீட்டர் உயரத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் வீசும் காற்று 120 மீட்டரில் ஏறக்குறைய 32 கிலோமீட்டர் வீசும். காற்றின் அடர்த்தியும் இடத்துக்கு இடம் மாறும். லடாக்கில் லே நகரம் போன்ற 3,500 மீட்டர் உயரத்தில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 70 விழுக்காடே. அங்கே விசிறிகள் அதிகம் உழைக்க வேண்டும். குளிரில் பாட்டரியோ குறைவாகவே கொடுக்கும். கடற்கரையில் எழுதிய பட்டியல் மலைக்கு உதவாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

யந்திரம் காணாதவை

இன்றைய டிரோன்களின் தானியங்கி மூளை, விசிறிகளைச் சுழற்ற அனுமதிக்குமுன் பலவற்றைத் தானே சோதிக்கிறது. ஆர்டுபைலட் என்னும் பொதுவுடைமை மென்பொருளை எடுத்துக்கொண்டால், செயற்கைக் கோள் குறிப்பு, திசைகாட்டி, முடுக்கமானி, பாட்டரி அழுத்தம் ஆகியவை வரம்புக்குள் இல்லாதபோது அது புறப்பட மறுத்துக் காரணத்தையும் தெரிவிக்கும். இம்மறுப்பை நீக்கிவைக்கும் வசதியும் அதில் உண்டு. அது ஆய்வுக்கூடத்தில் பரிசோதிப்பவர்க்கு ஏற்பட்டது. வேலை தாமதமாகிறதென்று வயலில் அதனை நீக்குவோர் உண்டு. காய்ச்சல் காட்டும் உஷ்ணமானியை உடைத்துப்போட்டுக் காய்ச்சல் தீர்ந்ததென்பதற்கு நிகரான செயல் இது. எனவே மறுப்பு நீக்கப்பட்ட நிலையில் உள்ளதா என்பதும் பட்டியலில் ஒரு கேள்வியாதல் நன்று.

இத்தனை சோதித்தும் அம்மூளை காணாதவை பல. இறகில் ஓடிய மயிரிழை வெடிப்பை அது காணாது. வரப்போரம் செல்லும் மின்கம்பியைப் பெரும்பாலும் காணாது. ஸ்வாமித்வா பணியில் படமெடுக்குமுன் வீட்டு மனைகளின் எல்லைகளைச் சுண்ணாம்புக் கோடுகளால் குறித்து வைப்பர். முன்னிரவு மழையில் அக்கோடுகள் கரைந்துபோனதையும் அது காணாது. யந்திரம் நலமாகப் பறந்து, நலமாக இறங்கி, பயனற்ற படங்களுடன் ஊர் திரும்புவோம். யாருடைய வீட்டுக்கு எது எல்லை என்னும் வழக்கு அப்படங்களால் தீராது.

எல்லாவற்றினும் மேலாக, மக்களை அது காணாது. கிராமத்தில் டிரோனைப் பெட்டியினின்று எடுத்த ஐந்து நிமிஷத்தில் ஒரு கூட்டம் சேரும். குழந்தைகள் முன்வரிசையில் நிற்பர். ஆடு மாடுகள் விசிறியின் ஒலியில் மிரளும். இயக்குபவரின் கண் டிரோன் மேலிருக்க வேண்டும். அக்கண்ணே கூட்டத்தையும் காக்க இயலாது. கூட்டத்தை விலக்கி நிறுத்தும் பொறுப்பு யாருடையது, அவர் இப்போது எங்கே நிற்கிறார் என்பது பட்டியலின் கடைசிக் கேள்வியாக, விசிறி சுழல்வதற்கு முந்திய கணத்தில் கேட்கப்பட வேண்டும். விடையாக ஒருவரின் பெயரை எழுதச் செய்ய வேண்டும். பெயர் எழுதப்பட்டவர் தாம் பொறுப்பேற்றதை அறிந்திருக்கவும் வேண்டும்! பல ஊர்களில் இப்பணிக்கு மிகத் தகுந்தவர் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரே. குழந்தைகள் அவர் சொல்லுக்கே முதலில் அடங்குவர்.

பட்டியல் அமைப்போருக்கு

பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்புள்ளவர்கள் சிலவற்றை நினைவிற் கொள்ளலாம். நேற்றைய விடைகளை இன்றைக்கும் தானே நிரப்பி வைக்கும் வசதியை மென்பொருளில் அனுமதிக்கலாகாது. டிரோன் எண் போன்ற மாறாத விவரங்களுக்கு அது பொருந்தும்; மாறக்கூடிய எதற்கும் பொருந்தாது. யந்திரம் தானே உணர்ந்தறியும் எண்களை மனிதனிடம் மீண்டும் கேட்டுக் களைப்பூட்ட வேண்டியதில்லை. அவற்றைத் திரையில் காட்டினால் போதும். மனிதன் பார்க்க வேண்டியவற்றுக்கே மனிதனின் நேரத்தை ஒதுக்க வேண்டும். இருவர் உள்ள இடத்தில் ஒருவர் உரக்கப் படித்து மற்றவர் தொட்டுக் காட்டி விடை கூறுவது சிறந்தது. இடையில் எவரேனும் குறுக்கிட்டால், திரை நினைவு வைத்திருந்தபோதிலும், அப்பகுதியின் தொடக்கத்திலிருந்து மீண்டும் பார்ப்பதே உத்தமம். திரை நினைவு வைத்திருப்பது விடையை மட்டுமே. அவ்விடைவெளியில் ஒரு சிறுவன் விசிறியைத் தொட்டானா என்பதை அது அறியாது.

பட்டியலைக் காட்டும் கைபேசியும் சோதனைக்குரிய ஒரு கருவியே. சித்திரை வெயிலில் அது சூடேறித் திரை மங்கும். சில வேளை அணைந்தே போகும். அதே கைபேசியிலேயே டிரோனின் படமும் வருமாயின் அணைந்த கணத்தில் இரண்டும் போகும். ஆகவே டிரோன் பெட்டியின் மூடியில் அதே பதினான்கு கேள்விகளைக் கடுதாசியில் எழுதி ஒட்டி வைக்குமாறு யோசனை கூறுகிறேன். இதைப் பழமை என்று நகைப்பவர் நகைக்கட்டும்.

சட்டத்தைப் பற்றி ஒன்றிரண்டு செய்திகள் எஞ்சியுள்ளன. விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநருக்கு அறிவிக்க வேண்டும். அப்போது பட்டியலின் பதிவே முதற் சான்றாகும். பாராமல் இட்ட குறிகள் அன்று இட்டவருக்கு எதிராகவே சாட்சி கூறும். 250 கிராமுக்கு மேற்படாத நேனோ வகை டிரோன்களை இயக்கச் சான்றிதழ் வேண்டுவதில்லை. பள்ளிகளில் செயல்முறை விளக்கத்துக்கு இவ்வகையே ஏற்றது. எனினும் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் பார்க்கும் கடமை இதற்கும் உண்டு.

ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். நேனோ டிரோன் ஒன்றை மேசைமேல் வைத்து, அதன் ஓர் இறகைத் தளர்த்தி, பாட்டரியைப் பாதி மின்னேற்றத்தில் விட்டு, மாணவர் இரு குழுவினரைச் சோதிக்கச் சொல்லுக. ஒரு குழுவுக்கு ஆம், இல்லை என்று விடையளிக்கும் பட்டியலையும், மற்றொரு குழுவுக்கு எண்ணும் இடமும் எழுத வேண்டிய பட்டியலையும் கொடுத்து, தளர்ந்த இறகை எக்குழு கண்டதென்று குறித்துக்கொள்க. பாட்டரி இணைக்காத நிலையிலேயே இறகைத் தொடச் செய்க.